டெல்டாவில் மாரத்தான் பயிற்சி: காலையும் நாளையும் வீணாக்கும் தவறுகள்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதையும் தாண்டி இன்னும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் 42.195, ஒரு முழு மாரத்தான். பஸ்ஸில் போனாலே ஒரு தூக்கம் போடலாம். அவ்வளவு தூரத்துக்குக் காலைப் பழக்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடிவிடுகிறார்கள்.

ஆசை காட்டுவது நம் நிலம்தான். மேடு கிடையாது, சாலை காலியாக இருக்கும், விடியற்காலைக் காற்று சில்லென்று இருக்கும். ஆனால் வெப்பம் குறைந்த அந்த நேரத்தில்தான் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுந்தால் குளிராது. சூட்டை வெளியேற்ற உடம்பு தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. பெங்களூரில் ஓடும் நண்பரின் அட்டவணையையும் பேஸையும் (ஒரு கிலோமீட்டருக்கு எடுக்கும் நேரம்) அப்படியே எடுத்து இங்கே ஓடுவது அதனால்தான் பலிப்பதில்லை.

10 கிலோமீட்டரை 60 நிமிடத்தில் முடிப்பவர் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை, அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டத்தை, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 15 நொடியிலிருந்து 7:45 வரை ஓடினால் போதும். புழுக்கம் அதிகமான நாளில் வேகம் இன்னும் குறையட்டும். கடிகாரத்தைவிட நம்பகமான அளவுகோல் பேச்சு. பக்கத்தில் ஓடுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சிழுத்தால் அது லாங் ரன்னே இல்லை. மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் கணைக்கால் எலும்பு (முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பு) வலி, குதிகால் வலி எல்லாம் வருகின்றன. கணைக்கால் எலும்பில் ஒரே புள்ளியில், விரல் வைத்து அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம்.

அடுத்த தவறு காலண்டரில் இருக்கிறது. நம் பக்கத்து ஓட்டக்காரர்கள் பலருக்கும் இலக்கு ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான். அதிலிருந்து 18 வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம். அப்படியென்றால் 24, 28, 30 கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறுகள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்து விழும். புயல் சின்னத்தால் இரண்டு வாரம் போய்விட, விட்டதைப் பிடிக்கிறேன் என்று 18-லிருந்து நேரே 26-க்குத் தாவுகிறவர்களுக்குத்தான் டிசம்பரில் முட்டி பிடித்துக்கொள்கிறது. அட்டவணையை 20 வாரமாகப் போட்டு, இரண்டு வாரத்தை மழைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மழையில் போன லாங் ரன் போனதுதான். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். 14, 16, 18 என்று ஏறி நான்காவது வாரம் 13-க்கு இறங்குவது போன்ற ஏற்ற இறக்கம் எல்லா மாதமும் இருக்கட்டும். வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் லாங் ரன் மொத்தத் தூரத்தில் 35–40 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். மெதுவாக ஓடுகிறவர்கள் 30 கிலோமீட்டர் என்ற எண்ணைத் துரத்த வேண்டாம். மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் இன்னொன்று. காலில் வெட்டோ கொப்புளமோ இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் ஓடாதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் நுழைகிறது. நனைந்த ஷூவில் உள்தகட்டை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

சமவெளியில் ஓடுவது சுலபம் என்பது பாதி உண்மை. ஏற்ற இறக்கம் இல்லாததால் ஒவ்வொரு அடியும் ஒரே தசையில், ஒரே கோணத்தில் விழுகிறது. தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால், எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் தாழ்ந்தே இருக்கும், முட்டியின் வெளிப்பக்கம் வலிக்கும். வாரத்தில் ஒரு நாளாவது ஆற்றங்கரை மண்பாதையிலோ, தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற மைதானத்திலோ ஓடுங்கள். மேடு வேண்டுமென்றால் பாலங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. ஒரு பாலத்தின் ஏற்றத்தில் ஆறிலிருந்து எட்டுத் தடவை கொஞ்சம் அழுத்தி ஓடி, நடந்து இறங்கி வந்தால் நல்ல பயிற்சி.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் இருட்டில் டார்ச் இல்லாமல் ஓடுவது பெரிய தவறு. வயலில் எலி இருக்கும் வரை கரையில் பாம்பு இருக்கும், கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அறுவடை மாதங்களில் சாலையில் கிடக்கும் வைக்கோல், பனியில் நனைந்தால் எண்ணெய் மாதிரி வழுக்கும். சாலையோரம் நெல் காயப்போட்டிருந்தால் சுற்றிப் போங்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குடிக்காமலே ஓடுகிறவர் ஒரு பக்கம். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கிறவர் இன்னொரு பக்கம். இரண்டாவதில் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும், ஈரத் துணியைக் களைந்துவிட்டு, எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோங்கள். பாதித் தண்ணீரில் கரைத்தால் வயிறு கலக்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் அது மட்டும் போதாது. வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

சாப்பாட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டு. நெய்ப்பொங்கல் வேண்டாம், செரிக்க நேரமாகும். ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். போட்டியன்று தின்னப்போவதை மூன்று லாங் ரன்னிலாவது தின்று பார்த்திருக்க வேண்டும்.

குழுவாக ஓடுவது இந்தப் பயிற்சியின் பெரிய பலம். அதைக் கெடுப்பதும் சுலபம். எட்டுப் பேர் கிளம்பி, முதல் மூன்று கிலோமீட்டரிலேயே வேகமான இருவரின் பின்னால் மற்றவர்கள் இழுபடுவார்கள். புதிதாக வந்தவர் கடைசியில் தனியாக நடந்து வருவார், அடுத்த வாரம் வரமாட்டார். கிளம்பும் முன்பே இரண்டு மூன்று பேஸ் குழுவாகப் பிரியுங்கள். அனுபவமுள்ள ஒருவர் கடைசி ஆளுடனேயே வரட்டும், வாரம் ஒருவராக மாறிக்கொள்ளலாம். பாதையையும் திரும்பி வரும் நேரத்தையும் முந்தின இரவே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பெண்கள் தயங்காமல் வர இது ரொம்ப உதவும். சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, இருட்டில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். நான்கு பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு போகும் சாலையில்தான் டவுன் பஸ்ஸும் மணல் லாரியும் வருகின்றன.

கடைசி மூன்று வாரத்தில் தூரத்தைக் குறைக்கப் பயந்து, போட்டிக்குப் பத்து நாள் முன்பு 30 ஓடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி 30, மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு வாரத் தூரம் முக்கால், பாதி, மூன்றில் ஒன்று என்று இறங்கட்டும். புது ஷூவைப் போட்டியன்று முதன்முறையாகப் போடாதீர்கள், 50 கிலோமீட்டராவது அதில் ஓடியிருங்கள். தொடை, அக்குள், மார்புக்காம்பில் வாசலின் தடவிக்கொண்டு, முதல் 5 கிலோமீட்டரைத் திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 10–15 நொடி மெதுவாக ஓடுங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.