பாத்ரூம் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? உடைப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஒரே பாத்ரூமைக் காட்டி மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டோம். ஒருவர் 65 ஆயிரம் என்றார், அடுத்தவர் 95 ஆயிரம், மூன்றாமவர் 1,40,000. யாரும் ஏமாற்றவில்லை. முதல் ஆளின் கணக்கில் ரப்பிஷ் அள்ளுவது இல்லை, கதவு இல்லை, வாட்டர்ப்ரூஃபிங் இல்லை. மூன்றாமவர் சங்கன் ஸ்லாபை (பாத்ரூம் தரைக்கு அடியில் குழாய்களுக்காக விட்டிருக்கும் பள்ளம்) தோண்டி எடுத்து மறுபடி நிரப்புவது வரை சேர்த்திருந்தார். "பாத்ரூம் மாத்தணும், எவ்வளவு ஆகும்?" என்று மொத்தமாகக் கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் மனதில் இருக்கும் வேலைக்கு விலை சொல்வார்கள். வேலைகளைப் பிரித்து ஒரு தாளில் எழுதி, அதே தாளை மூன்று பேரிடமும் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

எங்களுடையது சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட், பழைய கட்டடம். பாத்ரூம் 5க்கு 8 அடி. கீழ்வீட்டுக்காரர் கூரையில் ஈரம் படர ஆரம்பித்ததால் இதில் இறங்கினோம். கீழே உள்ள விலைகள் எங்கள் பகுதியில் கேட்டவை, வசதிக்காக முழு எண்களாக்கியிருக்கிறேன். சிறிய ஊர்களில் கூலி குறையும், பொருள் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

1. அளவு எடுங்கள்

சுற்றளவு 26 அடி. டைல்ஸ் உயரம் 7 அடி என்றால் சுவர் 182 சதுர அடி. கதவைக் கழித்தால் சுமார் 165. தரை 40. மொத்தம் 205. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 225 சதுர அடி வாங்க வேண்டும். கூரை வரை டைல்ஸ் வேண்டுமென்றால் இன்னும் 65 சதுர அடி. டைல்ஸ், கூலி, பசை எல்லாம் சேர்த்து ஏழாயிரம் கூடும். எங்களுக்கு 7 அடியே போதுமானதாக இருந்தது.

2. சங்கனைத் தோண்டுவதா, வேண்டாமா?

செலவை ஒரே அடியாக மாற்றும் முடிவு இதுதான். ஃபிளாட் பாத்ரூம்களில் தரைக்கு அடியில் ஏறக்குறைய ஒரு அடி பள்ளம் விட்டு ஸ்லாப் போட்டிருப்பார்கள். அதற்குள் கழிவுக் குழாய்கள் ஓடும், மேலே செங்கல் துண்டும் மண்ணும் நிரப்பியிருக்கும். கசிவு டைல்ஸ் இடுக்கு வழியாக மட்டும் என்றால் மேல்பரப்பில் வேலை செய்தால் போதும். உள்ளே குழாய் இணைப்பில் கசிவு என்றால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் கீழ்வீட்டு ஈரம் நிற்காது.

கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு வாரம் அந்தத் தரையில் குளிக்காமல், ஃபிளஷ் மட்டும் பயன்படுத்துங்கள். கீழே ஈரம் காய ஆரம்பித்தால் பிரச்சினை தரைப் பரப்பில் அல்லது குளிக்கும் தண்ணீர் போகும் குழாயில். காயவே இல்லையென்றால் கம்மோடு குழாயையும், சுவருக்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாய்களையும் சந்தேகப்படுங்கள். இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பகுதியை எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

தோண்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழைய டைல்ஸும் அதன் பின்னாலுள்ள கலவையும் ஒன்றரை இன்ச் கனம் என்றால் 25 கன அடி ரப்பிஷ். சங்கனை முழுக்கத் தோண்டினால் இன்னொரு 40 கன அடி. இரண்டும் சேர்ந்தால் சாக்குக் கணக்கில் நூறுக்குக் குறையாது. லிஃப்டில் ஏற்ற அசோசியேஷன் சம்மதிக்காது, தலைச்சுமையாகத்தான் இறக்க வேண்டும். குட்டி யானை வண்டி ஒரே நடையில் இதை எடுக்கவும் முடியாது. உடைப்பு, அள்ளுவது, திரும்ப நிரப்புவது, கூடுதல் வாட்டர்ப்ரூஃபிங் என்று 20 முதல் 25 ஆயிரம் தனியாக வைக்க வேண்டும்.

3. கம்மோடையும் டைவர்ட்டரையும் முதலில் வாங்குங்கள்

எல்லோரும் டைல்ஸ் கடைக்குத்தான் முதலில் போவார்கள். என் கருத்து: சானிட்டரி சாமான் முதலில், டைல்ஸ் அப்புறம். குழாய் எங்கே வர வேண்டும் என்பதைச் சாமான்தான் தீர்மானிக்கிறது.

தரைக்குள் வடியும் கம்மோடு எஸ் ட்ராப். சுவரிலிருந்து அதன் வாயின் மையம் 4, 9, 12 இன்ச் என்று வெவ்வேறு அளவில் வரும். சுவர் வழியாக வெளியேறுவது பி ட்ராப். இதில் சிக்கல் எங்கே வரும் தெரியுமா? பெட்டியில் போட்டிருக்கும் 9 இன்ச் என்பது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. பிளம்பர் வேலை செய்யும்போது எதிரே இருப்பது வெறும் செங்கல் சுவர். பூச்சு 15 மில்லிமீட்டர், டைல்ஸும் பசையும் 12 முதல் 15 மில்லிமீட்டர். ஆக, ஒரு இன்ச்சுக்கு மேல் சுவர் முன்னால் வந்துவிடும். செங்கலிலிருந்து 9 இன்ச் வைத்தால் கடைசி நாளில் கம்மோடின் டேங்க் சுவரில் இடித்து நிற்கும். அப்போது புதுத் தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை. "மேஸ்திரி, டைல்ஸ் முகத்திலிருந்து அளவு வையுங்க" என்று சொல்லி, டைல்ஸ் முகம் எங்கே வரும் என்பதைச் சாக்பீஸால் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். பி ட்ராப் என்றால் அந்த உயரத்தையும் முடிந்த தரையிலிருந்தே எடுக்க வேண்டும்.

கன்சீல்டு டைவர்ட்டருக்கும், அதாவது சுவருக்குள் பதித்து, தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வுக்கும், இதே கதை. எவ்வளவு ஆழத்தில் பதிக்க வேண்டும் என்று அதன் மேலேயே குறி இருக்கும். எனக்குக் கேட்டால், சுவருக்கு வெளியே மாட்டிச் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் சாதாரண வால் மிக்ஸரே போதும் என்பேன். இரண்டு குழாய்க்கும் இடையே 6 இன்ச், பழுதானால் சுவரை உடைக்காமல் கழற்றி மாற்றலாம்.

4. தாளில் எழுத வேண்டியவை

சங்கனைத் தோண்டாமல், எங்கள் அளவுக்கு வந்த கணக்கு இது:

உடைப்பு: 5,000
ரப்பிஷ் இறக்கி ஏற்றி அனுப்ப: 3,000
பிளம்பிங் கூலி: 10,000
பைப், ஃபிட்டிங்: 9,000
சிமெண்ட், எம் சாண்ட், பூச்சு வேலை: 9,000
வாட்டர்ப்ரூஃபிங், பொருளும் கூலியும்: 8,000
டைல்ஸ், சதுர அடி ஐம்பது ரூபாய் வகை, வண்டி வாடகையுடன்: 12,000
டைல் பசை, கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை): 4,000
டைல்ஸ் ஒட்டும் கூலி: 9,500
கம்மோடு, பேசின், மிக்ஸர், ஷவர், குழாய்கள்: 24,000
எலெக்ட்ரிகல்: 3,500
கதவு: 6,000
எக்ஸாஸ்ட் ஃபேன், கூரைக்குப் பெயிண்ட்: 2,000

கூட்டினால் 1,05,000. உடைத்த பிறகு தெரியவரும் விஷயங்களுக்குப் பத்து, பதினைந்து சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

இதில் டைல்ஸின் பங்கைப் பாருங்கள், ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் குடும்பமே சேர்ந்து நாள்கணக்கில் விவாதிப்பது அதன் நிறத்தை. மேலிருந்து முதல் ஆறு வரிகள், அதாவது முடிந்த பிறகு கண்ணுக்கே தெரியாத வேலைகள், 44,000. மலிவான கொட்டேஷனில் விலை குறைவது இந்த ஆறு வரிகளில்தான். பணம் போதவில்லையென்றால் டைல்ஸையும் ஷவரையும் குறையுங்கள், அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பைப்பிலும் வாட்டர்ப்ரூஃபிங்கிலும் கை வைக்காதீர்கள்.

கடையில் சொல்லும் விலை ஜிஎஸ்டி சேர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். டைல்ஸ், சானிட்டரி சாமான் இரண்டுக்கும் 18 சதவீதம். சிமெண்டுக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18.

5. கூலியா, கான்ட்ராக்டா?

தினக்கூலிக்கு விட்டால் வேலை இழுக்கும். பொருளோடு சேர்த்துக் கான்ட்ராக்ட் விட்டால் உள்ளே என்ன போடுகிறார்கள் என்று தெரியாது. பொருளை நாம் வாங்கித் தந்து, கூலியை மட்டும் வேலைவாரியாகப் பேசி முடிப்பது எனக்குப் பிடித்த முறை. சுடுதண்ணீர் லைனுக்கு சிபிவிசி பைப். அஸ்ட்ரல், ஆஷிர்வாத் போல ஏதாவது ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, பைப், ஃபிட்டிங், சால்வென்ட் மூன்றையும் அதிலேயே வாங்குங்கள். பைப்பில் எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என்று இரண்டு உண்டு. 11 தான் கனமானது. சுவருக்குள் புதையப் போவது என்பதால் அதையே கேளுங்கள்.

பணத்தை நாள் கணக்கில் தராமல் வேலை கணக்கில் தாருங்கள். முன்பணம் இருபது சதவீதம். பைப் டெஸ்ட் முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் ஒரு பங்கு, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதம் ஒரு வாரம் குளித்துப் பார்த்த பிறகு. இதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொண்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

6. பைப் டெஸ்ட்

சுவரைப் பூசுவதற்கு முன் லைனை அடைத்து, கைப்பம்பில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ வரை பிரஷர் ஏற்றி இரவு முழுக்க விடச் சொல்லுங்கள். காலையில் பிரஷர் மீட்டரின் முள் இறங்காமல் இருக்க வேண்டும். அப்புறம் அளவு டேப்பைச் சுவரில் பிடித்து நான்கு சுவரையும் போட்டோ எடுங்கள். நாளை கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

7. தண்ணீர் தேக்கிப் பார்ப்பது

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வாட்டர்ப்ரூஃபிங் என்று டப்பாவில் ஏதோ ஒரு திரவத்தைச் சிமெண்டில் கலந்து பூசிவிட்டுப் போவது போதாது. பவுடரும் திரவமும் சேர்த்துக் கலக்கும் இரண்டு பாகக் கோட்டிங் வாங்குங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக்கி, குழாய் தரையைத் துளைக்கும் இடங்களைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்துவிட்டுத்தான் கோட்டிங் தொடங்க வேண்டும். முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்த பின் இரண்டாவது அதற்குக் குறுக்கே. சுவரில் ஒரு அடி உயரம் வரை, ஷவர் பக்கம் ஆறடி வரை.

டப்பாவில் போட்டிருக்கும் நாட்கள் வரை கோட்டிங்கைக் காயவிட்டு, வடிகால் வாயை மணல் மூட்டையால் நன்றாக அடைத்து, வாசலில் சின்ன வரப்பு கட்டி, இரண்டு இன்ச் தண்ணீர் நிறுத்துங்கள். 48 மணி நேரம். "ஒரு ராத்திரி போதும் சார்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மெல்லிய கசிவு ஸ்லாபைத் தாண்டிக் கீழே தெரிய நேரமெடுக்கும்.

தண்ணீர் இறங்கினால் அது கசிவா, ஆவியானதா என்ற தகராறு நிச்சயம் வரும். அதற்கு ஒரு எளிய வழி: ஒரு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி அதே பாத்ரூமுக்குள் வையுங்கள். பக்கெட்டின் உள்பக்கமும் சுவரிலும் நீர்மட்டத்தில் பென்சில் கோடு. பக்கெட்டில் இறங்கிய அளவே சுவரிலும் இறங்கியிருந்தால் ஆவி. சுவரில் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு, அல்லது வடிகால் அடைப்பு சரியில்லை. அடைப்பைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். அத்தோடு கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டு, அவர்கள் கூரையைத் தடவியும் பார்த்துவிட்டு வாருங்கள்.

8. டைல்ஸ்

மேஸ்திரிக்கே தெரிந்த வேலை. இரண்டு விஷயம் மட்டும் நீங்கள் கேளுங்கள். ஒன்று, வாட்டம். எட்டடி நீளத்துக்கு ஒரு இன்ச் இறக்கம் வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். தரை டைல்ஸ் ஒட்டும் முன்பே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். இரண்டு, பசை. செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும், அதனால் சிமெண்ட் பாலே பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. சிமெண்ட் பால் அதில் ஒட்டாது, சில வருடத்தில் கழன்று வரும். அதற்கு டைல் பசைதான். தரையில் மட்டுமாவது எபாக்ஸி கிரவுட் போடுங்கள், வெள்ளைச் சிமெண்ட் சீக்கிரமே கறுத்துவிடும்.

பின்சேர்க்கை 1: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடைப்பும் ரப்பிஷும் மிச்சம்தான். ஆனால் கசிவு இருக்கும் பாத்ரூமில் வேண்டவே வேண்டாம், நோயை மூடி வைப்பதாகிவிடும். கசிவே இல்லை, தோற்றம் மட்டும் மாற வேண்டும் என்றால் செய்யலாம். பழைய டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வரும் ஒவ்வொன்றையும் எடுத்துவிட வேண்டும். தரை அரை இன்ச் உயரும், கதவு உராயும், வாசலில் பாத்ரூம் தரை வெளியறைத் தரையைவிடத் தாழ்வாக இருக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: கீஸரின் லைனைப் பற்றி எழுதவில்லையே என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. அதற்குத் தனி லைன், 16 ஆம்பியர் பாயிண்ட், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). பழைய ஃபிளாட்களில் இது பெரும்பாலும் இருக்காது. மேலே உள்ள எலெக்ட்ரிகல் தொகையில் ஆர்சிசிபி சேரவில்லை, இரண்டாயிரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு: கறுப்பு டைல்ஸ், கறுப்பு ஃபிட்டிங் இரண்டையும் தவிருங்கள், வெள்ளைக் கறை அப்பட்டமாகத் தெரியும். ஷவர் வாங்கும்போது ரப்பர் துளை உள்ளதாகக் கேளுங்கள், விரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் கீழே ஆங்கிள் வால்வு வைக்கச் சொல்லுங்கள். வாஷர் மாற்ற மாடித் தொட்டியை மூட வேண்டியதில்லை.