புது பாய்லரை எங்கே மாட்டுவது? முதலில் வெளிச்சுவரைப் பாருங்கள்

லண்டன் பக்கம், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் கேஸ் பாய்லரை மாற்றும் நம்மவர்கள் பலரும், அது எந்த அலமாரிக்குள் மறையும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் இடத்தை முடிவு செய்வது ஃப்ளூ, அதாவது புகைக்குழாய்.

முதலில் டேப்போடு வெளியே போங்கள். குழாயின் வாய், திறக்கும் ஜன்னல், கதவு, ஏர் பிரிக் (காற்றுப் போகச் சுவரில் வைக்கும் துளைச் செங்கல்) எதிலிருந்தும் குறைந்தது 300 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். எதிரே சுவரோ வேலியோ இருந்தால் 600 மி.மீ.; இன்னொரு ஃப்ளூ நேரெதிரே இருந்தால் 1,200 மி.மீ. பாய்லரின் கையேடு கூடுதலாகக் கேட்டால் அதையே பின்பற்றுங்கள்.

அப்புறம் ஆவி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பொதுவாகப் போடுவது கண்டென்சிங் பாய்லர்தான். புகையில் இருக்கும் நீராவியின் சூட்டையும் அது எடுத்துக்கொள்கிறது. அதனால் வெளியே வரும் புகை ஆறிப்போய், ஈரமாக, வெள்ளையாக மிதக்கும். குளிர்காலக் காலையில் அது பக்கத்து வீட்டு ஜன்னலில் முட்டும். ஒடுங்கிய சந்தில் நடப்பவர் முகத்தில் அடிக்கும். அளவெல்லாம் சரியாக இருந்தாலும் அப்படிப்பட்ட இடம் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், ஆவியை உயரே கொண்டுபோய் விடும் ப்ளூம் கிட் கேளுங்கள்.

அடுத்தது, பாய்லருக்குள் சேரும் தண்ணீர் வடியும் குழாய். எங்கள் பழைய பாய்லரில் அந்த ஒல்லிக்குழாய் வெளிச்சுவரோடு நீளமாக ஓடியது. ஒரு ஜனவரி இரவில் அது உறைந்துபோனது. பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கைக்குழந்தையோடு விடியும்வரை போர்வைக்குள் கிடந்தோம். இந்த முறை வீட்டுக்குள்ளேயே சிங்க்கின் கழிவுக் குழாயில் சேர்க்கச் சொன்னேன். வெளியேதான் போக வேண்டுமென்றால் 32 மி.மீ. குழாய், நல்ல சரிவு, குறைந்த தூரம், மேலே உறை.

இடத்தை மாற்றினால் கேஸ் குழாயும் நீளும். பெரும்பாலும் 22 மி.மீ. விட்டமுள்ள குழாய் தேவைப்படும். ஃபிளாட் என்றால் கட்டட உரிமையாளரின் அனுமதியை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வேலைக்கு வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்று காட்டும் அட்டையை, திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்பக்கத்தில் இருக்கும். பாய்லர் உள்ள அறையிலேயே கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும்.

சுவரில் துளை போடும் முன் ஃப்ளூ வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.