பயிற்சி வகுப்பில் விளையாட்டு வேறு, பாடம் வேறா?

மட்டக்களப்பில் அலுவலகப் பயிற்சி எப்படித் தொடங்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இறைவணக்கம், வரவேற்புரை, அதிதி உரை. பயிற்சி நடத்தும் வளவாளர் கைக்கு மைக் வரும்போதே நேரம் பத்தரையைத் தாண்டிவிடும். பிறகு பந்தை வீசிப் பிடித்து அவரவர் பெயர் சொல்லும் விளையாட்டு. எல்லோரும் சிரிப்பார்கள். அது முடிந்ததும் மதியம் வரை ஸ்லைடு, ஸ்லைடு, ஸ்லைடு.

விளையாட்டையும் பாடத்தையும் இப்படிப் பிரிப்பதுதான் பெரிய தவறு. பல வருடமாக ஒரே கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருப்பவர்களுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாதா என்ன? பாடத்துக்குள்ளேயே கைக்கும் வாய்க்கும் வேலை கொடுத்தால், தனியாக ஒரு விளையாட்டே தேவைப்படாது.

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் சமையலறை ஊழியர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். தீயின் வகைகளை ஸ்லைடில் காட்டியே ஒரு மணித்தியாலத்தைப் போக்கலாம். அல்லது எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போய், பாதுகாப்பாகச் சிறு தீ மூட்டி, ஆளுக்கொரு முறை தீயணைப்பு உருளையைக் கையில் கொடுக்கலாம். ஊசியை இழுத்து, குழாயை நெருப்பின் அடிக்கு நேரே பிடித்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். புதிதாகப் பிடிப்பவர் மேலே எழும் சுவாலையைப் பார்த்தே அடிப்பார். சுற்றி நிற்பவர்கள் "கீழ, கீழ!" என்று கத்துவார்கள். நீங்கள் தேடும் கலகலப்பு அங்கேயே வந்துவிடும். சிறிய உருளை அரை நிமிடம்கூடத் தாங்காது என்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை நிறுத்தி மூடியால் மூட வேண்டும் என்பதற்கு வெறும் தாச்சியும் மூடியும் போதும்.

அடுத்தது "விளங்குதா?" என்ற கேள்வி. நம்மூரில் அதற்கு ஒரே பதில்தான்: "ஓம் சேர்." விளங்கவில்லை என்று நாற்பது பேர் முன்னால் யார் சொல்வார்கள்? அதற்குப் பதிலாக வேலையில் வரும் ஒரு சிக்கலைக் கொடுங்கள். முதலில் தனியாக யோசிக்கட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், அப்புறம் எல்லோருக்கும் சொல்லட்டும். அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை இது. விடை பிழைத்தாலும் அது இருவருடையது என்பதால் கூச்சம் குறையும்.

பணிப்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இதுவும் நடக்காது. ஒன்று, தொடக்கி வைத்துவிட்டு அவர் போகட்டும். இல்லையென்றால் ஒரு குழுவில் சாதாரண ஆளாக உட்காரட்டும்.

தோற்றவர் பாட வேண்டும், ஆட வேண்டும் என்ற "தண்டனை"யை விட்டுவிடுங்கள். பார்ப்பவர்களுக்குத்தான் அது வேடிக்கை. ஆணும் பெண்ணும் கைகோத்து நிற்கும் விளையாட்டும் வேண்டாம். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறையிலிருந்து வரும் முஸ்லிம் பெண் உத்தியோகத்தர்கள் பலர் மறுக்கவும் முடியாமல் சேரவும் முடியாமல் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ தொழுகைக்கு நேரம் விட்டே நிகழ்ச்சி நிரலைப் போடுங்கள். அம்பாறையில் சிங்களம் பேசுபவர்களும் கலந்திருந்தால் மொழிபெயர்ப்பு பாதி நேரத்தைத் தின்றுவிடும்; பேச்சைக் குறைத்துச் செய்முறையைக் கூட்டுவதுதான் வழி.

சோறும் மீன் குழம்பும் சாப்பிட்ட கையோடு விரிவுரை வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வினாடி வினாவைப் பரிசுக்கான போட்டியாக மட்டும் பார்ப்பதும் தவறு. ரோடிகர், கார்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அதனால் தேநீருக்கு முன் புள்ளி போடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். அடுத்த வாரம் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இரண்டு. இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. டேட்டா முடிந்தவருக்கும் துண்டுக் காகிதம் இருக்கிறது.

கடைசியில் கொடுக்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லோரும் "மிக நன்று" என்றே போடுவார்கள். பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகளில் அது முதல் படி மட்டுமே. கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா என்பவை அதற்கு மேலே இருக்கின்றன. ஒரு மாதம் கழித்து அதே சமையலறைக்குப் போய், உருளை எங்கே இருக்கிறது, எடுத்துப் பிடித்துக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.