தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் பெனிபிட் என்னவாகும்?

இங்கிலாந்தில் முழுநேர மாணவர்களுக்குப் பொதுவாக யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவிப்பணம்) கிடையாது. ஆனால் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்தத் தடை இல்லை. "படிக்கப் போனால் எல்லாம் வெட்டிவிடுவார்கள்" என்ற பேச்சை நம்பிப் படிப்பைக் கைவிடாதீர்கள். குறையத்தான் செய்யும், ஆனால் ஒரு கணக்குப்படிதான் குறையும்.

முதலில் விசாவைப் பாருங்கள். அரசு உதவிப்பணம் பெறக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிபிட் (பிள்ளைக்காக அரசு தரும் பணம்) இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டாம், விசாவே சிக்கலாகும். நிரந்தர வதிவிடம் உள்ளவர் மாணவர் கடன் பெறப் பொதுவாக 3 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு இந்த 3 வருட விதி இல்லை.

படிப்புக் கட்டணத்துக்கான கடனை வருமானமாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கான சைல்ட்கேர் கிராண்டும், பிள்ளை உள்ள மாணவரின் படிப்புச் செலவுக்கான பேரன்ட்ஸ் லேர்னிங் அலவன்ஸும் அப்படித்தான். இவை இரண்டும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். கணக்கில் வருவது வாழ்க்கைச் செலவுக்கான மெயின்டெனன்ஸ் லோன். அதிலும் புத்தகம், பயணம் போன்ற செலவுகளுக்காக 'ஸ்பெஷல் சப்போர்ட்' என்று வரும் பகுதியை விட்டுவிட வேண்டும். அந்தப் பகுதி கிடைக்க, விண்ணப்பத்தில் நீங்கள் தனிப் பெற்றோர் என்பதைச் சரியாகக் குறியுங்கள்.

"கடன் எதற்கு" என்று லோனை எடுக்காமல் விடுவதுதான் பெரிய தவறு. எடுக்காவிட்டாலும், கேட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ அதைக் கணக்கில் எடுத்து யூனிவர்சல் கிரெடிட்டில் கழிப்பார்கள். லோனும் இல்லை, பெனிபிட்டும் குறைவு என்றாகிவிடும்.

ஓர் உதாரணம். உங்கள் யூனிவர்சல் கிரெடிட்டின் மாதக் கணக்கு 15ஆம் திகதி தொடங்கி அடுத்த 14இல் முடிகிறது. படிப்பு செப்டம்பர் 22இல் தொடங்கி, கோடை விடுமுறை ஜூன் 6இல் வருகிறது. படிப்பு தொடங்கும் மாதம் கணக்கில் உண்டு, விடுமுறை தொடங்கும் மாதம் இல்லை. ஆக 8 மாதம். கணக்கில் வரும் லோன் 5,600 பவுண்ட் என்றால் மாதத்துக்கு 700. அதில் 110 பவுண்டை விட்டுவிட்டு 590 பவுண்டைக் கழிப்பார்கள். வேலைச் சம்பளத்தைப் போல 55 வீதம் அல்ல, முழுப் பவுண்டுமே போகும்.

இடறுவது இங்கேதான்: லோன் வருடத்துக்கு 3 தவணையாக வருகிறது, கழிவோ மாதாமாதம். தவணை விழுந்த அன்றே வரப்போகும் மாதங்களின் வாடகையைப் பிரித்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். லோன் தாமதமானாலும் கழிவு காத்திருக்காது.

இடம் உறுதியானதும் படிப்பின் தொடக்க, முடிவுத் திகதிகளையும் கோடை விடுமுறைத் திகதியையும் யூனிவர்சல் கிரெடிட்டின் ஆன்லைன் ஜர்னலில் எழுதி, லோன் கடிதத்தையும் காட்டுங்கள். அடுத்து வரும் ஸ்டேட்மென்டில் ஸ்பெஷல் சப்போர்ட் பகுதியையும் சேர்த்துக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கழித்திருந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள்.

கோடையில் கழிவு நின்றுவிடும். ஆனால் கடைசிப் பிள்ளைக்கு 3 வயது ஆகியிருந்தால் அந்த மாதங்களில் வேலை தேடச் சொல்லலாம். கழிவால் யூனிவர்சல் கிரெடிட் பூச்சியத்துக்கு வந்து நின்றுபோயிருந்தால், கோடையில் மறுபடி விண்ணப்பியுங்கள்; தானாகத் திரும்பி வராது.

சைல்ட்கேர் கிராண்ட், ஓர் உச்சவரம்புக்குள், பராமரிப்புச் செலவில் 85 வீதம் வரை தரும். பராமரிப்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அம்மம்மாவுக்குக் கொடுக்கும் காசுக்குக் கிடைக்காது. யூனிவர்சல் கிரெடிட்டின் பராமரிப்புப் பணத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது.

சைல்ட் பெனிபிட்டில் மாற்றமில்லை. வீட்டுக்காக உள்ளூராட்சிக்குக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸுக்கு, பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழை கவுன்சிலுக்கு அனுப்புங்கள். வீட்டில் வளர்ந்தவர் நீங்கள் ஒருவரே என்றால் கட்ட வேண்டியதில்லை. மாணவரல்லாத அம்மம்மாவும் கூட இருந்தால் வரியில் 25 வீதத் தள்ளுபடி கிடைக்கும்.