கிரியேட்டின் பேணியைத் திறக்க முதல்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மைதானத்திலும் ஜிம்மிலும் நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன். கிரியேட்டின் என்பது தசைக்குச் சக்தி கூட்ட விளையாட்டுக்காரர் எடுக்கும் ஒரு தூள். 18 வயதுக்குக் கீழே என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

படி 1: இரத்தப் பரிசோதனை

கிரியேட்டின் பற்றிய காணொளிகளில் இதைப் பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள். நல்ல சிறுநீரகத்தைச் சரியான அளவு கிரியேட்டின் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் எங்கள் நிலைமை வேறு. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு அறிகுறியும் காட்டாது. ஆகவே சீரம் கிரியேட்டினினையும் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு இரத்தத்தில் எவ்வளவு என்பது; கிரியேட்டின் வேறு, இது வேறு) சிறுநீரையும் சோதித்து வைத்தியரிடம் காட்டுங்கள். அறிக்கையை எறிய வேண்டாம். கிரியேட்டின் எடுப்பவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் கிரியேட்டினின் சற்றுக் கூடிக் காட்டலாம்; ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய தாள் வேண்டும். சிறுநீரக நோய், சலரோகம், பிரஷர் உள்ளவர்கள் வைத்தியர் சம்மதிக்காமல் தொடவே கூடாது.

படி 2: உங்கள் விளையாட்டுக்குத் தேவையா?

100 மீற்றர், குண்டு போடுதல், பாரம் தூக்குதல், திரும்பத் திரும்பப் பாய்ந்தோடும் உதைபந்தாட்டம் என்றால் உதவும். சில நொடிகளில் தீர்ந்துபோகும் தசைச் சக்தியை விரைவாக மீள நிரப்புவதுதான் இதன் வேலை. மரதன் ஓடுபவருக்குப் பெரிய பலனில்லை. தசையில் தண்ணீர் தங்கி 1–2 கிலோ ஏறும், அதையும் சுமந்துகொண்டு ஓட வேண்டும். மீன், இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பலன் கொஞ்சம் கூடத் தெரியலாம்.

படி 3: வாங்குதல்

கிரியேட்டின் மொனோஹைட்ரேட் போதும். மற்ற வகைகள் காசுக்குக் கேடு. சர்வதேச ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் கிரியேட்டின் இல்லை. ஆனால் பேணிக்குள் வேறேதும் கலந்திருந்தால் மாட்டுவது நீங்கள்தான். ‘இன்ஃபோம்ட் ஸ்போர்ட்’ போன்ற பரிசோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்துக் கட்டி விற்கும் தூளை வாங்காதீர்கள்.

படி 4: எடுத்தல்

நாளுக்கு 3–5 கிராம், ஓய்வு நாளிலும். நேரம் முக்கியமில்லை. முதல் கிழமை நாளுக்கு 20 கிராம் எடுக்கும் ‘லோடிங்’ கட்டாயமில்லை. சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அது இல்லாமலே 3–4 கிழமையில் தசை நிரம்பிவிடும். கரைத்தவுடன் குடியுங்கள், போத்தலில் வைத்தால் மெல்ல மெல்லக் கிரியேட்டினினாக மாறிவிடும். இந்த வெயிலில் தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும்.

கால் வீங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே நிறுத்தி, பேணியையும் கையில் கொண்டு வைத்தியரிடம் போங்கள்.