ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பார்ப்பது எப்படி

புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதிக்குப் போகிறவர்களில் பலர் மாளிகையின் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டை முழுமையாகப் பார்க்க விரும்புகிறவர், அதில் வாழ்ந்தவரின் நாட்குறிப்பில் சில பக்கங்களையாவது முதலில் படித்துவிட வேண்டும்.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, சிறு வயதிலேயே புதுச்சேரிக்கு வந்த பிள்ளை, 1736 செப்டம்பர் முதல் இறக்கும் காலம்வரை அன்றன்று கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்தார். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினால் சலிப்புத் தட்டலாம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்ட 1748ஆம் ஆண்டின் குறிப்புகளிலிருந்து தொடங்குவது நல்லது. அந்தக் காலப் பேச்சுத் தமிழோடு 'முசே' (ஐயா), 'கோன்சேல்' (ஆலோசனைச் சபை) போன்ற பிரெஞ்சுச் சொற்களும் கலந்து, நிறுத்தற்குறியின்றி வாக்கியங்கள் நீண்டு செல்லும். வாய்விட்டுப் படித்தால் எங்கே மூச்சு விட வேண்டும் என்பது காதுக்கே தெரிந்துவிடும். 'துரை' என்று வருமிடங்களில் பெரும்பாலும் ஆளுநரையே குறிக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

படிக்கும்போது பாக்குக் கிடங்கு வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். துய்ப்ளே பிரெஞ்சு ஆளுநராக இருந்த காலத்தில், 1747இல் தலைமைத் துபாஷியாக, அதாவது பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும், உயர்ந்த பின்னும், தன் பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து ஆட்களைச் சந்திக்கும் வணிகராகவே பிள்ளை இருந்தார். 'ஆனந்தப் புரவி' என்ற பெயரில் சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். அதிகாரத்துக்கும் வணிகத்துக்கும் நடுவே அவர் நடத்திய வாழ்க்கையை அறிந்தவருக்கு அந்த வீடு வேறாகத் தெரியும்.

இனி வீட்டுக்கு வருவோம். கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில், பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் அது இருக்கிறது. கதவு திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது முறை.

உள்ளே நுழைந்ததும் மாடிக்கு விரையாதீர்கள். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றி நிற்கும் மரத்தூண்களில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அடியிலிருந்து, உத்தரத்தைத் தாங்கும் தலைப்பகுதியான போதிகைவரை கண்ணை மெல்ல உயர்த்திப் பாருங்கள். தூணில் தொடங்கும் செதுக்கு வேலை உத்தரம்வரை தொடர்வது தெரியும். இது நம் வீடுகளின் கட்டுமானம். அதன்பின் மாடியைப் பார்த்தால், அங்கே மரத்துக்குப் பதிலாகச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய ஐரோப்பியப் பாணித் தூண்கள் நிற்கின்றன. வெறும் அலங்காரக் கலவையாக எனக்கு இது தோன்றவில்லை. பகலெல்லாம் பிரெஞ்சுக்காரரோடு பேசிப் பழகிய ஒரு தமிழ் வணிகர், தன் குடும்பத்தின் முற்றத்தை விட்டுக்கொடுக்காமல், அதன் மேலேயே புதிய பாணிக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்றே கருதுகிறேன்.

வெளியே வந்த பிறகு, நடந்து கடற்கரைவரை போய் வாருங்கள். பிள்ளை 1761 ஜனவரி 12இல் இறந்தார்; நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவர் நாள்தோறும் போய்வந்த பிரெஞ்சுக் கோட்டையை அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். அது இருந்த இடத்தில் இன்று பாரதி பூங்கா இருக்கிறது. அங்கே சிறிது நேரம் உட்கார்ந்து, குறித்துவைத்த பக்கங்களை மறுபடி படியுங்கள்.