பிரெஞ்சுக் கடற்கரையில் நினைவுப் படம் எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிரான்சின் வடமேற்குக் கரையில் சில காலம் வாழ நேர்பவர்களில் பலர் கேமராவும் கையுமாகத்தான் திரிகிறார்கள். பிரிட்டனி மாநிலத்தின் சேன்-மாலோ நகரில் குடியிருந்த நாட்களில் நானும் அப்படித்தான் திரிந்தேன். எனக்கு அது தொழில் அல்ல, ஆர்வம் மட்டுமே. ஊர் திரும்பிய பிறகு அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று எனக்கு உறுதிப்படுகிறது. ஒரு படம் நினைவாக நிலைக்க வேண்டுமானால், அது எடுக்கப்பட்ட நாளும் பொழுதும் அதற்குள் இருக்க வேண்டும். அந்தக் கரையில் பலரும் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அந்த நாளைப் படத்திலிருந்து நீக்கிவிடுபவை.

அவற்றுள் முதன்மையானது, கடலின் நேரத்தைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்புவது. சென்னைக் கரையில் ஓதத்தால், அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தால், நீர்மட்டம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரை ஒட்டியே இருப்பதால், கடல் எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சேன்-மாலோவில் பெரிய ஓத நாட்களில் அந்த வேறுபாடு 12 மீட்டரைத் தாண்டும். காலையில் நகரைச் சுற்றியுள்ள கோட்டை மதிலின் அடியில் மோதிக்கொண்டிருந்த கடல், பிற்பகலில் வெகுதூரம் விலகிப் போய், எழுத்தாளர் ஷாத்தோபிரியானின் கல்லறை இருக்கும் கிரான் பே தீவுக்கு நடந்து செல்லவே வழி விட்டிருக்கும். ஓதத்தின் அளவை பிரெஞ்சுக்காரர்கள் 20 முதல் 120 வரையிலான ஒரு குணக எண்ணால் குறிக்கிறார்கள். 45 என்றால் சிற்றோதம், 95 என்றால் பேரோதம், 110-ஐத் தாண்டினால் ஊரே மதில்மேல் கூடிவிடும். இந்த எண்ணும் நேரமும் அச்சிட்ட சிறு அட்டவணைப் புத்தகம் அங்குள்ள கடைகளில் கிடைக்கும். சில அட்டவணைகள் ஆண்டு முழுவதையும் குளிர்கால நேரத்திலேயே தருகின்றன என்பதால், கோடையில் அவற்றோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அட்டவணையைப் பார்ப்பவர்கள்கூடத் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்துப் பேரோதம் வருகிறது. அந்நாட்களில் சூரியனைப் பொறுத்து நிலவின் இருப்பிடம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், ஒரு துறைமுகத்தில் பேரோத நாட்களின் உயர் ஓதம் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்தில்தான் அமையும். சேன்-மாலோவில் அது காலையிலும் மாலையிலும் வரும். ஆகவே நீர் மிகத் தாழ்வது பிற்பகலிலும் பின்னிரவிலும்தான். பரந்து விரிந்த ஈர மணல்மீது அந்திச் சூரியன் மின்னும் காட்சியைப் பேரோத நாளில் தேடுவது வீண். சிற்றோத நாட்களில் தாழ் ஓதம் காலையிலும் மாலையிலும் வந்து சேரும், ஆனால் கடல் அவ்வளவு தொலைவு விலகாது. அந்தக் கரையில் இரண்டும் ஒருசேரக் கிடைப்பதில்லை என்று தெரிந்தவர், பேரோத நாளின் மாலையை மதிலில் மோதும் அலைக்கும், சிற்றோத நாளின் மாலையை நகரை ஒட்டிய சியோன் கடற்கரையில் அலையைத் தடுக்க நட்ட ஓக் மரத் தூண்களுக்கும் ஒதுக்கிக்கொள்வார்.

இது படத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. கடல் சீராக ஏறுவதில்லை. தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில், மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். 12 மீட்டர் ஏற வேண்டிய நாளில் அது மணிக்கு 3 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர். முக்காலியை நிறுத்தி, வடிகட்டிக் கண்ணாடியை மாட்டி, நான்கு படம் எடுத்து நிமிர்வதற்குள் பின்னால் இருக்கும் பாதை நீருக்குள் போயிருக்கலாம். கிரான் பே தீவில் அப்படி அகப்பட்டுக்கொள்பவர்கள் அடுத்து நீர் வற்றும் வரை பல மணி நேரம் அங்கேயே காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நீருக்குள் இறங்கவே கூடாது. கிழக்கே உள்ள மோன்-சேன்-மிஷேல் விரிகுடாவில் புதைமணலும் உண்டு. அங்கே வழிகாட்டி இல்லாமல் மணற்பரப்பில் நடந்து போய்ப் படம் எடுக்க நினைப்பதே தவறு.

ஒளியைப் பற்றிய கணக்கும் நம் ஊரிலிருந்து கொண்டுபோனதாக இருந்தால் பொருந்தாது. சேன்-மாலோ கிரீன்விச்சுக்கு மேற்கே இருந்தும் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், ஜூன் மாதத்தில் சூரியன் இரவு 10 மணிக்குப் பிறகுதான் மறைகிறது. டிசம்பரில் விடிவதற்கே காலை 9 மணி ஆகிவிடுகிறது. குளிர்காலத்தில் வெயில் வராது என்று கேமராவை உறைக்குள் வைத்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்துக்கு மேல் 18 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. மேகம் விலகும் நேரமெல்லாம் சாய்ந்த ஒளிதான். மதிலின் கருங்கல்லில் ஒவ்வொரு கொத்தலும் தன் நிழலோடு தெரியும். சூரியன் மறையும் திசையும் ஆண்டுக்குள் வெகுவாக நகர்கிறது. ஜூனில் வடமேற்கே கடலின்மேல் மறைவது, டிசம்பரில் தென்மேற்கே நிலத்தின் பக்கம் போய்விடும். கடலில் சூரியன் மூழ்கும் படம் வேண்டுவோர் கோடையிலேயே அதை எடுத்துவிட வேண்டும்.

வானம் வெளுத்துப்போவது அங்கே அடிக்கடி நேரும் தவறு. மேகத்துக்குப் பின்னிருந்து வரும் ஒளிக்கும் கருத்த கடலுக்கும் இடையே வேறுபாடு மிகுதி. இந்தச் சிக்கல் பழையது. 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லு கிரே நார்மண்டியிலும் தெற்கே செட் நகரிலும் கடலைப் படம் எடுத்தபோது, அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகையாக உள்வாங்கியதால், கடலுக்கேற்ற அளவில் எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார். ஒரே மேகத்தை வெவ்வேறு கடல்களுக்கு மேல் பயன்படுத்தியதும் உண்டு. அது கலைஞரின் உரிமை. அந்தப் படங்களின் அழகை நான் வணங்குகிறேன். ஆனால் வாழ்ந்த இடத்தின் நினைவாக எடுக்கும் படத்தில், செயலி தரும் ஆயத்த வானத்தை ஒட்டுவது அந்த நாளையே மாற்றி எழுதுவதாகும். அதற்குத் தேவையும் இல்லை. கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகப் பதிவு செய்து, வானத்தின் வெளிச்சமான பகுதி வெளுக்காத அளவில் எடுத்தால், இருண்ட கடலைப் பின்னர் கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். மூடுபனி நாளில் இதற்கு நேர்மாறானது நடக்கும்: எல்லாமே வெளிறியிருப்பதால் கேமரா ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும், அப்போது ஒளியளவை ஒரு படி கூட்டி எடுக்க வேண்டும்.

நிறத்தை ஏற்றுவதும் இதே வகைதான். அந்தக் கரைக்கு மரகதக் கரை என்று பெயர். நீர் பச்சைதான், மத்தியதரைக் கடலின் நீலம் அல்ல. நிறச் செறிவைக் கூட்டக் கூட்ட எல்லாக் கரையும் ஒன்றுபோல் ஆகிவிடும். நீண்ட நேரத் திறப்பால் எல்லா அலையையும் புகையாக்கிவிடும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. சியோன் மதிலில் மோதி வீட்டு உயரத்துக்கு எழும் நீரில் துளிகள் தெரிய வேண்டும்; 1/500 விநாடி அல்லது அதைவிட வேகமான திறப்பே அதற்குச் சரி. ஆனால் அதை எட்ட நின்று எடுக்க வேண்டும். தடுப்பு போட்டிருந்தால் தாண்டக் கூடாது.

உப்புச் சாரல் படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் முதலில் ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு உலர்த்த வேண்டும். முக்காலியையும் குழாய் நீரில் கழுவிவிட வேண்டும்.

மனிதர்களைப் படம் எடுப்பதில்தான் கூடுதல் கவனம் தேவை. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஒவ்வொருவரின் தனிவாழ்வுக்கும் மதிப்பை உறுதிசெய்கிறது. அதன் அடிப்படையில், அடையாளம் தெரியும்படி ஒருவரின் படத்தை அவர் ஒப்புதலின்றி வெளியிட்டால் அவர் வழக்குத் தொடுக்க முடியும். குழந்தைகளுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் இதற்கு அஞ்சி ஆளே இல்லாத படங்களாக எடுத்துக் குவிப்பதும் தவறுதான். அருகிலுள்ள கான்கால் ஊரின் துறைமுகத்துச் சிப்பிக் கடைகளில், முதலில் 'போன்ஷூர்' சொல்லி, ஒரு தட்டு வாங்கி, அதன் பிறகு கேட்டால் இசைபவர்கள் பலர். குறுங்கத்தியை விளிம்பில் செருகி ஒரே திருப்பில் சிப்பியைத் திறக்கும் கை, தட்டின் ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு, உண்டவர்கள் கரையில் எறிந்த ஓடுகள் வெண்குவியலாகக் கிடப்பது: அங்கே வாழ்ந்ததை எனக்கு மீட்டுத் தருபவை இவையே. கோட்டையின் படம் அஞ்சலட்டையிலேயே கிடைக்கும். நாம் தினமும் ரொட்டி வாங்கிய கடையின் படத்தை நாம்தான் எடுத்தாக வேண்டும்.

கடைசியாக, கேமராவின் கடிகாரம். இந்திய நேரத்திலேயே விட்டுவைத்தால், பிரான்சின் நேரத்தைவிட அது கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் முன்னே ஓடும். எந்தப் படம் எந்த ஓதத்தில் எடுத்தது என்று பின்னாளில் அட்டவணையோடு ஒப்பிட முடியாது. போய் இறங்கிய அன்றே நேரத்தை மாற்றி, மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று மறக்காமல் திருத்த வேண்டும். ஏற்கெனவே எடுத்து முடித்தவர்கள், கோடைப் படங்களையும் குளிர்காலப் படங்களையும் தனித்தனியே பிரித்து, மென்பொருளால் மொத்தமாக நேரத்தைத் திருத்திக்கொள்ளலாம். இடத்தையும், படத்தில் இருப்பவரின் பெயரையும், அன்றைய ஓதக் குணகத்தையும் குறிப்பாக எழுதும் வேலையை அந்தத் திருத்தத்துக்குப் பிறகு தொடங்குவது நல்லது.